உடைச் சேதம்: ரூபாய் ஆயிரம்

காசிமேட்டு கேட்டைத் தாண்டியதும்
கன்டெய்னர் வரிசையை முந்த
தப்புப் பக்கம் வந்தது அந்தக் கார்.
ஷேர் ஆட்டோவில் நானும் இரண்டு கூடை சங்கராவும்.
சங்கராவை ரோட்டிலேயே அள்ளிக்கொண்டு போனார்கள்.
என்னை ஸ்டான்லிக்கு.

பதினோரு நாள். வெளியே ஆறு தையல், உள்ளே ஏதோ வீக்கம்.
வார்டில் ஒருவன் கட்டில் கட்டிலாக
விசிட்டிங் கார்டு வைத்துப் போனான்.
என் கட்டிலில் போர்வையைத் தூக்கிப் பார்த்துவிட்டு
"காலு போயிருந்தா பெரிய கேஸும்மா" என்றான்,
நிஜமாகவே வருத்தப்பட்டு.

எனக்குப் போனது மூக்கு.
இருக்கிறது, மூக்குத்தியோடு, அதே இடத்தில்.
வாசனைதான் வருவதில்லை.
கண்ணை மூடச் சொல்லி டாக்டர் நீட்டினார்
காபித்தூள், கற்பூரம், கிராம்பு.
மூன்று பேரும் முகமில்லாமல் வந்து நின்றார்கள்.
எட்டு சதவீதம் என்று எழுதினார்.

கம்பெனி வக்கீல் கேட்டார்:
மீன் கெட்டதா என்று கண்ணால் பார்த்தால் தெரியாதா?
செவுளைப் பார்ப்பேன் சார்.
செவுளுக்குச் சாயம் பூசுகிறவன் இருக்கிறான்.
நாத்தத்துக்குப் பூச இன்னும் எவனும் கத்துக்கல.
அவர் விடவில்லை.
மனுதாரர் ஏகவல்லி குடியிருப்பது கொடுங்கையூர்.
ஒரு பக்கம் குப்பைமேடு, மறுபக்கம் மணலிப் புகை.
இதை நஷ்டம் என்பதா, நிவாரணம் என்பதா?
கோர்ட் சிரித்தது.
நானும் சிரித்துவிட்டேன், நல்ல ஜோக்குதான்.
தட்டச்சுக்காரப் பெண் மட்டும்
அந்த வரியை அடிக்கவில்லை.

நான்கு வருஷம்.
நடுவில் சமரசத்துக்குக் கூப்பிட்டு
எண்பதாயிரம் என்றார்கள்.
எனக்குத் தெரியாத வியாபாரமா?
விடிகாலை விலை ஒன்று,
பதினோரு மணிக்கு ஐஸ் தண்ணியான பிறகு ஒன்று.
வாங்குகிறவன் கூடையைப் பார்க்காமல்
வெயிலைப் பார்த்துக்கொண்டே நிற்பான்.

தீர்ப்பு வந்தது.
சம்பளச் சீட்டு இல்லாததால் மாதம் பன்னிரண்டாயிரம் என்று வைத்துக்கொண்டார்கள்.
அதைப் பன்னிரண்டால் பெருக்கி,
நாற்பத்தொரு வயதுக்குப் பதினான்கால் பெருக்கி,
நூற்றுக்கு எட்டு.
ஒரு லட்சத்து அறுபத்தோராயிரத்து இருநூற்றெண்பது.
நாற்பது என்றால் பதினைந்தாம்.
ரேஷன் கார்டுக்குக் கணக்கெடுக்க வந்தவன்
ஒரு வயதைக் கூட்டி எழுதிவிட்டுப் போனான்,
அன்றைக்கு அம்மா அவனுக்கு மோர் கொடுத்தாள்.
அந்த மோர் பதினோராயிரத்து ஐந்நூற்றிருபது.

வலி, வேதனை: இருபத்தைந்தாயிரம்.
சத்தான உணவு: பத்தாயிரம்.
உடைச் சேதம்: ஆயிரம்.
பால் கருகிப் பாத்திரம் சிவந்தது எதிலும் வராது.
ஒரு ராத்திரி தெருவே வாயில் துணி கட்டி வெளியே நிற்க
நான் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தேன்,
ரோஸ்மேரி வந்து காலைப் பிடித்து இழுத்தாள்.
அதற்கும் தலைப்பு இல்லை.

ரோஸ்மேரி பக்கத்துக் கடை.
ஏலத்தில் நான் கூடையைத் தொடுவதற்கு முன்
குனிந்து முகர்ந்து தலையாட்டுவாள்,
கூடைக்கு இருபது ரூபாய்.
மூக்கின் விலை அதுதான், தினமும் ரொக்கமாகக் கொடுக்கிறேன்.
அதைக் கோர்ட்டில் யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால், அந்தப் பதினான்கால்
அதையும் பெருக்கிக் காட்டியிருப்பேன்.

காஷுவாலிட்டியில் கத்தரித்த புடவை நீலம்.
அந்த ஆயிரத்தை எடுத்துக்கொண்டு
எம்.சி. ரோட்டுக்குப் போனேன்.
எழுநூற்றைம்பதில் அதே நீலம் கிடைத்தது,
கரை மட்டும் வேறு.
மகள் பிரித்து முகத்தில் வைத்துக்கொண்டாள்.
எப்படி இருக்கு என்றேன்.
யோசித்தாள்.
"புதுசு மாதிரி" என்றாள்.