வெளுக்காத மஞ்சள்

கோத்தகிரியிலிருந்து கோடநாடு போகும் சாலையில்
தேயிலை வாடப்போட்ட பழைய மாடிதான்
எங்கள் ஆய்வுக்கூடம்.
பலகை இடுக்கில் இன்னும் தூள் வாசம்,
அதன்மேல் எலுமிச்சைப்புல் எண்ணெய்,
அதற்கும் மேல்
மெர்லின் மறந்துவிட்டுப் போன மிளகாய் பஜ்ஜி.

எண்ணெயிலுள்ள சிட்ராலுக்கு இரண்டு கோலம்.
ஒன்று வாலை இந்தப் பக்கம் மடக்கியிருக்கும்,
மற்றது அந்தப் பக்கம்.
வேறு வித்தியாசம் இல்லை.
நாங்கள் வளர்க்கும் நொதிக்கு அது போதும்.
இந்தப் பக்கத்து வாலை உள்ளே விடும்,
அந்தப் பக்கத்து வால் எத்தனை முறை வந்து நின்றாலும்
சாப்பாட்டு நேரத்துக் கவுண்டர் மாதிரி
நிமிர்ந்தே பார்க்காது.
நிறம் மஞ்சள்.
பிடிவாதமும் மஞ்சள் என்பாள் மெர்லின்.

வால் திருப்ப வெளிச்சம் வேண்டும்.
வெளிச்சத்தை வாங்கிக் கைமாற்ற
இரிடியம் உப்பு ஒரு சிட்டிகை,
என் இரண்டு மாதச் சம்பளம்.
நீல விளக்குகள் பன்னிரண்டு.
கணக்கு சுலபம்:
ஒளி திருப்பிக்கொண்டே இருக்கும்,
நொதி எடுத்துக்கொண்டே இருக்கும்,
எண்ணெயில் ஒரு சொட்டு வீணாகாது.

காலை பத்துக்கு விளக்குப் போட்டோம்.
பதினொன்றரைக்கு மஞ்சள் வெளுத்து
திரிந்த பாலாய்க் கிடந்தது குடுவை.
இருபத்து மூன்று முறை.

கொழுந்து எடுக்கப் போகிறவர்கள்
நீல வீடு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.
ஒருநாள் இரவு காட்டெருமை ஒன்று
ஜன்னல்வரை வந்து நின்று
விளக்கையும் என்னையும் பார்த்தது.
பிறகு புல் மேயப் போய்விட்டது.

ஐப்பசியில் கட்டபெட்டுப் பக்கம்
கம்பியில் மரம் விழுந்தது.
மூன்று நாள் மின்சாரம் இல்லை.
இருபத்து நான்காம் குடுவையைக்
கொட்டச் சோம்பி ஜன்னலில் வைத்தேன்.
வெயில் வந்தது.
மூடுபனி வந்து அதை வாங்கிக்கொண்டது.
திருப்பித் தந்தது,
நாலு நிமிஷம் இருக்கும்,
மறுபடி வாங்கிக்கொண்டது.
யாரும் கவனிக்கவில்லை.
நாங்கள் மெழுகுவர்த்தியில் ரம்மி ஆடினோம்.

மூன்றாம் நாள் மூடி திறந்தால்
புல்லின் நெடி இல்லை.
லாங்வுட் சோலை தாண்டி
எலுமிச்சை யூகலிப்டஸ் இலையைக்
கசக்கினால் வருமே, அது.
மஞ்சள் அப்படியே மஞ்சள்.
மெர்லின் முகர்ந்தாள், என்னை முகரச் சொன்னாள்,
திரும்பவும் பிடுங்கி முகர்ந்தாள்.

மின்சாரம் வந்ததும் கருவியில் ஏற்றினோம்.
தாளில் ஒரே முகடு,
மழை விட்ட காலையில்
ரங்கசாமி மலை நிற்பதுபோல.

கோயம்புத்தூரிலிருந்து பேராசிரியை
திலகவதி நஞ்சப்பன் கேட்டார்:
ஒளியின் அளவு என்ன?
பனி, மேடம்.
பனிக்கு அலகு என்ன?
குளிராகக்கூட இருக்கலாமே,
பதிமூன்று டிகிரி என்கிறாயே?
இருக்கலாம்.
அந்தக் கட்டத்தை இன்னும் நிரப்பவில்லை.

ஹெத்தை பண்டிகைக்கு சீரியல் செட் கட்டும்
போஜனைக் கூப்பிட்டோம்.
எத்தனை நேரம் எரியணும், எத்தனை நேரம் அணையணும்
என்று மட்டும் கேட்டார்.
எதற்கு என்று கேட்கவில்லை.
நாலு நொடி வெளிச்சம், முப்பது நொடி இருட்டு.
இருட்டில்தான் நொதி சாப்பிடுகிறது என்று
நானாகச் சொல்லிக்கொள்கிறேன், நிரூபணம் இல்லை.

பத்தில் ஆறு சரியாக வந்தது.
நாலு ஏன் வரவில்லை, தெரியாது.

பதினொன்றாவது இப்போது ஓடுகிறது.
மெர்லின் டீ வாங்கப் போயிருக்கிறாள்.
நீலம் வந்து, போய், வந்து
என் கை தெரிகிறது, தெரியவில்லை.
குனிந்து பார்த்ததில்
குடுவைக் கண்ணாடியில் என் மூச்சு படிந்துவிட்டது.
துடைக்கத் துணியை எடுத்தேன்.
இருக்கட்டும்.