சில்லறை

ஆயர் ஈத்தாம் கிளினிக்கில்
மூன்றாம் முகப்பு என்னுடையது.
கண்ணாடியில் கை நுழையும் அளவு ஓட்டை.
அதற்கு இந்தப்பக்கம் பத்தொன்பது வருடம்.

ஒரு ரிங்கிட்.
தலைவலிக்கும் அதுதான், நெஞ்சுவலிக்கும் அதுதான்.
வாசலில் விற்கும் நாசி லெமாக் மூன்று முறை விலை ஏறிவிட்டது,
நாங்கள் ஏறவில்லை.
சிலர் கசங்கிய நீல நோட்டை நீட்டுவார்கள்,
சிலர் பத்து சென்களாய்க் கொட்டி
என்னையே எண்ணிக்கொள்ளச் சொல்வார்கள்.

தேர்தல் வந்தால் இந்த ஒரு ரிங்கிட்
எல்லார் வாயிலும் புகுந்து புறப்படும்.

ஃபிளாட்டுக்குக் கீழே பூப்பந்துத் திடலில்
முதலாமவர் சொன்னார்:
அதையும் வாங்க மாட்டோம்,
பணக்காரன் வரியில் எல்லாருக்கும் வைத்தியம்.
கைதட்டினேன்.
காலை ஏழரைக்கு எடுத்த எண்ணை
ஏன் பதினொன்றேகாலுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று
கேட்க எழுந்த சீனத்துப் பெரியவருக்கு
ஒலிவாங்கி போய்ச் சேரவில்லை.

மறுநாள் அதே திடல், அதே பிளாஸ்டிக் நாற்காலி.
இரண்டாமவர் அட்டை ஒன்றைத் தூக்கிக் காட்டினார்:
சம்பளத்தில் மாதம் கொஞ்சம் பிடிப்போம்,
தனியார் ஆஸ்பத்திரிக் கதவும் திறக்கும்.
அதற்கும் தட்டினேன், பழக்கதோஷம்.
கிராப் ஓட்டும் தம்பி மதியழகன்
காதோரம் கேட்டான்:
"எனக்குச் சம்பளச் சீட்டே கிடையாதேக்கா,
எதிலேர்ந்து பிடிப்பான்?"

மூன்றாமவர் வரவில்லை, நோட்டீஸ் வந்தது.
முடிந்தவர் கூடக் கட்டட்டும்,
முடியாதவருக்கு விலக்கு.
முடியுமா முடியாதா என்று
முகத்தைப் பார்த்துச் சொல்லப்போவது யார்?
நான்தான். இந்த ஓட்டை வழியாக.

ரொஸ்னானிக்கு அதுதான் பிடித்திருக்கிறது.
"பென்ஸில் வந்தவன் ஐந்து வெள்ளி கொடுத்து
மீதி நாலை எண்ணிப் பார்த்தானே, மறந்துட்டியா?"
மறக்கவில்லை.
மதியச் சோறு முழுக்கச் சண்டை போட்டோம்,
என் மீன் தலையை அவளே தின்றாள்.

செவ்வாய்க்கிழமை தர்வின்ராஜ் வந்தான்.
ஏழு வயது. இழுப்பு.
கண்ணாடியில் அவன் மூச்சு படிந்தது, கலைந்தது.
அப்பன் லாரி ஓட்டுகிறவன், புக்கிட் மெர்தாஜாம்காரன்.
அம்மா மேடானிலிருந்து வந்தவள்,
கல்யாணத்தைப் பதியவில்லை.
பிறப்புப் பத்திரத்தில் மகனுக்கு நேரே
குடிமகன் அல்லன்.
கணினி யோசிக்கவே இல்லை: நாற்பது.

அப்பன் பர்ஸை விரித்தான்.
இருபத்து மூன்று ரிங்கிட், ஒரு நம்பர் சீட்டு.

அப்போதுதான் கண்ணில் பட்டது,
என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிடந்த
மூன்று நோட்டீஸும்.
எல்லாவற்றுக்கும் அடித்துக்கொண்ட மூன்று பேரும்
முதல் சொல்லில் மட்டும்
ஒரே அச்சில் வார்த்ததுபோல்:
*ஒவ்வொரு குடிமகனுக்கும்.*

தாதி காத்திருக்கவில்லை,
பையனைத் தூக்கிப் புகைமருந்து வைக்கப் போய்விட்டாள்.
நான் ரசீதைக் கிழித்தேன்.

ஐந்து மணிக்குக் கல்லாவில் பதினேழு குறைந்தது.
எட்டு நான் போட்டேன்.
ஒன்பது போட்டவள் ரொஸ்னானி.
போடும்போதே முனகினாள்:
"இப்படி எத்தனை நாளைக்கு?
முடிஞ்சவன் கட்டணும், நான் சொல்றேன்ல."

"வரியிலிருந்து வரணும்" என்றேன்.

பூட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும்
அதே சண்டை.