ஏ ஏ ஏ ஏ

கச்சான் அடிக்கும் மாதங்களில்
கீழக்கரையில் ஜன்னல் திறந்து வைப்பவன் முட்டாள்.
கம்பியில் உப்புப் பூக்கும்,
பூட்டு சாவியை மறக்கும்.
என் மாடியறைக்கு ஜன்னலே கிடையாது.
செங்கல் வைத்துப் பூசிவிட்டேன்.
இருபத்து நான்கில் ஏசி, இரவும் பகலும்.
ஒவ்வொரு பெட்டிக்குள்ளும்
செருப்புக்கடை நிஜாம் சேர்த்துவைத்துத் தரும்
சிலிக்கா பொட்டலம் இரண்டு.

நாற்பத்து மூன்று கேசட்டுகள்.
மூலை மழுங்காத அட்டை,
மடிப்புக் கலையாத கையேடு.
தொடுவதற்கு முன் பருத்திக் கையுறை.
"மய்யித்துக் குளிப்பாட்டுறவங்ககூட
இவ்வளவு பதனமாத் தொட மாட்டாங்க"
என்பாள் ஹமீதா,
கரண்ட் பில்லைக் கதவிடுக்கில் செருகிவிட்டு.

அதில் ஒன்று சாம்பல் நிறம்.
வாப்பா ஜித்தாவிலிருந்து
பால்மாவு டப்பாவுக்குள் வைத்து எடுத்து வந்தது.
தொண்ணூற்று ஆறு பெருநாள் லீவில்
என் தங்கை ஜுவைரியா
அதில் ஏழாம் கோட்டை வரை போனாள்.
நான் மூன்றாவதைத் தாண்டியதில்லை,
அங்கே ஒரு வௌவால்.
முதல் வரிசையில் அவள் பெயர் சேமித்திருந்தது.
நிக்காஹ் முடிந்து அவள் பினாங்கு போன பிறகு
அந்தக் கேசட்டை நான் சொருகவே இல்லை.
ஒரு பொத்தான் தவறினால்
அவள் அழிந்துவிடுவாள்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு வந்தவள்
தொதல் தட்டோடு மாடியேறினாள்.
"எது ஓடும் காக்கா?"
"எல்லாம் ஓடும்."
"எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரியாது.
இருபத்தெட்டு வருஷம்
எனக்குத் தெரியாது என்பதே எனக்குத் தெரியாது.

அதற்குள் எடுத்துவிட்டாள்.
வெறுங்கை.
பெயர்ச் சீட்டின் மேல் தொதல் எண்ணெயில்
சுழி சுழியாக ஒரு கட்டைவிரல்.
சொருகினாள். திரை கறுப்பு.
உருவி, வாயருகே வைத்து,
"ஊதாதே, எச்சில் ஈரம் பின்னை அரிச்சிடும்" என்று
நான் சொல்லி முடிக்குமுன்
ஊதிவிட்டாள்.

வந்தது.
இசை வந்தது, கோட்டை வந்தது,
பெயர்ப் பலகை வந்தது.
மூன்று வரிசை.
மூன்றும் காலி.

உள்ளே ஒரு பேட்டரி உண்டு,
சட்டைப் பொத்தான் அளவு.
அதுதான் பெயரைப் பிடித்துக்கொண்டிருக்கும்.
எந்த வருஷம் விட்டதோ.
அவள் மூத்தவன் பிறந்தபோதா,
வாப்பா மௌத்தான அன்றா,
போன செவ்வாய்க்கிழமையா.
ஏசி ஓடிக்கொண்டிருந்தது எல்லா நாளும்.

"உன் கேம் இதில் இருந்தது" என்றேன்.
"நான் விளையாடினேனா?"
"ஏழாம் கோட்டை வரை."
"சும்மா சொல்லாதீங்க."

பெயர் கேட்டது திரை.
தேடித் தேடி எழுத்துப் பொறுக்க
அவளுக்கு ஏது பொறுமை.
முதல் எழுத்தையே நான்கு தரம் அமுக்கினாள்.
ஏ ஏ ஏ ஏ.
சந்து முனையிலிருந்து யாரையோ
கூப்பிடுவதுபோல் நின்றது.
முதல் பாலத்திலேயே விழுந்து செத்தாள்.
சிரித்த சிரிப்பில்
தட்டிலிருந்த தொதல் துண்டு ஒன்று
தரைவிரிப்பில்.

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர்
பதினெட்டாயிரம் என்று சொல்லியிருந்தார்.
நேற்று மறுபடி கேட்டார்,
"கைபடாததுதானே?"
ஒரு கையின் படம் எடுத்து அனுப்பினேன்.
கட்டைவிரல் மட்டும், கிட்டத்தில், தெளிவாக.
அதன் பிறகு அவரிடமிருந்து சத்தமில்லை.

நிஜாம் கடைக்குப் பக்கத்துக் கடையில்
பேட்டரி நாற்பது ரூபாய்.
பழையதைப் பற்றவைப்பு விட்டு எடுத்தபோது
அடியில் பச்சையாக உப்பு.
இத்தனை செங்கல்லுக்கும் உள்ளே.

இப்போது முதல் வரிசையில்
மறுபடி நானே இட்ட ஏ ஏ ஏ ஏ.
அதைத் தொடுவதில்லை
(பழக்கம் எங்கே போகும்).
இரண்டாவதில் நான்.
கையுறையோடு பொத்தான் அமுங்கவில்லை,
கழற்றிவிட்டேன்.
மணி இரண்டரை.
மூன்றாம் கோட்டை வாசலில்
அதே வௌவால்
அதே இடத்திலிருந்து இறங்கி
என்னைக் கொல்கிறது.