தொடாமல் திறக்கும் படலை

ஸ்ரான்லி வீதி, மாடிக்கடை. கறன்ற் இல்லை.
பாஷையூர் மரியநேசன்
அம்பிளிபயரை உரப்பையில் சுற்றிக் கொண்டுவந்தார்.
"நாளைக்குக் கொடியேற்றம், பிள்ளை. இது ஊமையாப் போச்சு."

மைக்கைத்தான் முதலில் சந்தேகித்தார்.
அது பாவம்.
அதன் தொண்டைக்குள் ஒரு சின்ன ஜேஃபெற்,
பிறவியிலேயே திறந்த வாய்க்கால்.
சும்மா விட்டால் ஓடும்.
படலையில் எதிர்மின் ஏற ஏற
இரு கரையும் வறண்டு உள்ளே நெருங்கும்,
வெங்காயத் தோட்டத்து றப்பர்க் குழாயைக்
குதிக்காலால் மிதித்த மாதிரி.
தண்ணீரை ஒருவரும் தொடவில்லை.
தண்ணீர் குறைகிறது.

அம்பிளிபயருக்குள் நிற்பது வேறு குணம்.
மொஸ்ஃபெற்.
வாய்க்காலே வெட்டாத நிலம்.
படலைக்கும் நிலத்துக்கும் நடுவில் கண்ணாடி,
மணற்காட்டு மணலுக்குத் தூரத்து உறவு,
தலைமயிரை ஆயிரமாய்க் கிழித்தால் வரும் ஒரு கீற்று.
மேலே நேர்மின் வந்து நின்றால்
கீழே எலெக்ரோன்கள் அண்ணாந்து கூடும்.
கூடிய கூட்டமே வாய்க்கால்.
அழைத்தது போனால்
அதுவும் கலைந்துவிடும்.

(கண்ணாடியும் வாய்க்காலும் சேர்ந்தே பிறந்த ஒன்றும் உண்டு.
கூட்டலாம், குறைக்கலாம்.
என் லாச்சியில் இரண்டு கிடக்கிறது.
ஒருவரும் கேட்டதில்லை.)

மூடியைக் கழற்றினேன். எறும்பு, உப்பு, கரிந்த பியூஸ்.
மீற்றரை எந்தப் பக்கம் வைத்தாலும் கீச்சென்றது:
மூடத் தெரியாத படலை.
"புதுசு ரெண்டு வாங்கி வந்தனான்" என்று
சேட் பொக்கற்றிலிருந்து எடுத்தார்.
பொலியெஸ்ரர் சேட். சோளகம் உலர்த்திய நாள்.
ஒன்று அங்கேயே செத்திருந்தது.
உரசலில் பிறந்த, கண்ணுக்குத் தெரியாத மின்னல்
அந்தக் கண்ணாடிக்குப் போதும்.

"என்ரை சேட்டோ?"
"உங்கடை சேட்தான்."

மற்றதன் படலையில் சிவப்பு முனையை
ஒருக்கா வைத்து எடுத்தேன்.
எடுத்த பிறகும் திறந்தே கிடந்தது.
"கை விட்டபிறகும் ஏன்?"
"ஏறின மின் இறங்க வழியில்லை. கண்ணாடி."
"எவ்வளவு நேரம்?"
"சொல்லேலாது."
இரண்டு காலையும் விரலால் சேர்த்துத் தொட்டேன்.
மூடிக்கொண்டது.
அவர் என் விரலையே பார்த்தார்.
பிறகு இருநூறு ரூபா குறைக்கச் சொன்னார்.

ஈயம் ஆறும் முன்னே கறன்ற் வந்தது.
மைக்கை நீட்டினேன்.
அவருக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை,
மூச்சுத்தான் விட்டார்.
கீழே பழக்கடைக்காரன்
நிமிர்ந்து பார்த்தான்.