ஊது என்றாள்

எக்ஸ்ரேயில் அது நல்ல வட்டம்.
என் புருஷன் எசென்குல் அதைப் பார்த்துவிட்டு
"எவளோ உள்ளே தயிர் உருண்டை
காயப்போட்டிருக்கிறாள்" என்றார்.
நாரின் ஆஸ்பத்திரியில் யாரும் சிரிக்கவில்லை.

தோலோன் கணவாய் ஏறி இறங்கி
பிஷ்கெக் போய்ச் சேரும்வரை இருமினார்.
அறுவை மருத்துவர் குல்சினா
எங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்:
வீட்டில் நாய் உண்டா?

நாய் இல்லாமல்
ஆடு மேய்ப்பவன் உண்டா?

அவள் விரல்விட்டுச் சொன்னாள்:
ஆட்டின் நுரையீரல், அதைத் தின்ற நாய்,
நாயின் ரோமத்தில் தூசியைவிடச் சின்ன முட்டை,
தடவிய கை, பிட்ட ரொட்டி.
ஏழெட்டு வருஷமாய் வளர்ந்திருக்கும்.

நான் கணக்குப் போட்டேன்.
ஓநாய்கள் பதினொரு ஆட்டை அடித்த வருஷம்.
அந்தக் குளிரில்தான் அக்தோஷ் குட்டியாய் வந்தது.
பெயருக்கு அர்த்தம் வெள்ளை மார்பு.
அவர் மேலங்கிக்குள், நெஞ்சோடு ஒட்டி,
வசந்தம்வரை தூங்கியது.

ஆடு அறுக்கும்போதெல்லாம்
நுரையீரலை அதற்கு வீசியது நான்.
இதை குல்சினாவிடம் சொல்லவில்லை.

நாலு மணி நேரம்.
வெளியே வந்து ரசீதின் பின்பக்கம்
படம் போட்டுக் காட்டினாள்.
உடைந்தால் உள்ளே நூறாய் முளைக்கும்,
அதனால் சுற்றிலும்
உப்புநீர் நனைத்த துணி அடுக்கினோம்.
அது எனக்குப் புரிந்தது.
பனிக்காலத்துக் குதிரைக்கறிக்கு
நானும் உப்பைக் குறைப்பதில்லை.

மெல்லக் கீறி விலக்கினோம்.
அப்புறம் மயக்க மருந்துக்காரரிடம்
"ஊது" என்றேன்.
காற்று போகப் போக நுரையீரல் உப்பி
அதுவே வெளியே தள்ளியது.
கிழியாமல், முழுசாய்,
உரித்த முட்டை மாதிரி வழுக்கிக்கொண்டு.

"குட்டி போடுகிற ஆடு மாதிரியா?" என்று கேட்டேன்.
அப்போதுதான் அவள் முதல் தடவையாய்ச் சிரித்தாள்.

விலாவிலிருந்து ஒரு குழாய்.
கட்டிலுக்கடியில் தண்ணீர் புட்டி.
இருமினால் குமிழி.
பக்கத்துக் கட்டிலில் நெட்டைப் பையன் சாமத்,
கைப்பந்துக்கு எகிறியவனுக்கு
நடு ஆட்டத்தில் நுரையீரல் சுருங்கிவிட்டதாம்.
அவனுக்கும் குழாய், அவனுக்கும் புட்டி.
யார் குமிழி முதலில் நிற்கும் என்று
இரண்டு பேரும் சர்க்கரைக் கட்டி வைத்துப் பந்தயம்.
பையன் ஜெயித்து, அத்தனையையும் தின்றுவிட்டு,
ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போனான்.

ஒன்பதாம் நாள் விடியலில் போன்.
"நின்றுவிட்டது" என்றார் எசென்குல்.
எனக்குக் கால் மடங்கியது.
"குமிழியைச் சொல்கிறேன், பைத்தியமே."

ஊரில் குதைபெர்கென்
துப்பாக்கியோடு வாசலில் நின்றான்.
நாயைச் சுட்டுவிடலாம், காசு வேண்டாம் என்றான்.
இவர் குழாய் போன இடத்தைத் தடவிக்கொண்டு,
ஒரு மூச்சுக்கு இரண்டு சொல்லாய்ப் பேசினார்:
தின்றது குற்றமா,
போட்டது குற்றமா?
என் பக்கம் திரும்பவில்லை.
ஆனாலும் எனக்குக் காது சுட்டது.

இப்போது மாசத்துக்கொரு மாத்திரை,
வால்கொழுப்பில் பொதிந்து.
கொழுப்பை விழுங்கிவிட்டு
மாத்திரையைத் துப்பும். மறுபடி பொதிவேன்.

நேற்று ஆடு அறுத்தோம்.
நுரையீரலை இடுப்பளவு குழியில் போட்டு
மண் தள்ளிக் கல் அடுக்கினேன்.
அக்தோஷ் அந்தக் கல்மேல் ஏறி உட்கார்ந்து
பொழுது சாயும்வரை
என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

கை கழுவினேன்.
போய் அதன் வெள்ளை மார்பைச் சொறிந்துவிட்டேன்.
மறுபடி வந்து
கை கழுவினேன்.