எண்பத்தெட்டாம் பத்தி

பொன்னுரங்கம் புத்தகம் எழுதும் மாதங்களில்
அந்த வீட்டில் மின்விசிறி சுற்றாது.
தண்டையார்பேட்டை, ஹவுசிங் போர்டு, மூன்றாம் மாடி,
அதுவும் சித்திரை.
தரையெல்லாம் நானூறு துண்டுக் காகிதம்,
துண்டுக்கு ஒரு பத்தி, பத்திக்கு ஒரு எண்.
கனகவல்லி குழம்புச் சட்டியோடு
கால்விரல் நுனியில் கடந்து போவாள்,
பூதம் தூங்கும் 207ஐ மிதிக்காமல்.

பகலில் துறைமுகத்தில் டாலி கிளார்க்.
எந்தப் பெட்டி எந்தக் கப்பலுக்கு என்று
சீட்டு எழுதுவார்.
இரவில் அதே கையெழுத்து:
வாளை எடுத்தால் 19க்குப் போ.
விளக்கை எடுத்தால் 240க்குப் போ.

நான் படம் போட்டவன்.
காசிமேட்டில் விசைப்படகுக்குப் பெயர் எழுதுகிற கை.
படம் ஒன்றுக்கு இருபத்தைந்து ரூபாய்;
மண்ணடி அச்சகத்துத் தாஹிர் பாய்
அதையும் இரண்டு தவணையாகத் தருவார்.
வரைய வேண்டிய பத்தியை மட்டும் படிப்பேன்.
'உப்பளத்து வேதாளம்' எப்படி முடிந்ததோ தெரியாது.
'ஏழாம் கிரேனின் சாபம்' தீர்ந்ததா, அதுவும் தெரியாது.
அந்த அரக்கனுக்கு நான் வைத்த கை
வார்ஃபில் நிற்கும் கிரேன் என்பதும்
கொக்கியில் கிரீஸ் சொட்டும் என்பதும்தான் தெரியும்.

புத்தகத்தோடு தாயக்கட்டை இலவசம் என்றார் பாய்.
கட்டுப்படியாகவில்லை.
'ஆறு புளியங்கொட்டை எடு,
ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்,
உன் விதி தயார்' என்று
முன்னுரையில் எழுதிவிட்டார் இவர்.

ஐந்தாவது புத்தகத்தில்தான் அந்தத் தவறு.
'கொற்றலைக் கோட்டை', கிணற்றறை.
88இலிருந்து 131.
131இலிருந்து 88.
வேறு வழி கிடையாது.

கார்டுகள் வந்தன.
'ஐயா, நான் ஆம்பூர் நசீர், எட்டாம் வகுப்பு.
மூன்று வாரமாகக் கிணற்றறையில் இருக்கிறேன்.
கட்டுச்சோறு தீர்ந்துவிட்டது.'

ஒரு வரி அச்சடித்து ஒட்டிவிடலாமே என்றார் பாய்.
பொன்னுரங்கம் ஒத்துக்கொள்ளவில்லை.
"மாட்டிக்கினவன் ஒவ்வொருத்தனும்
வேற வேற பக்கத்துலேர்ந்து வந்தவன் பாய்.
அல்லாருக்கும் ஒரே வழிய எப்டி சொல்றது?"

அறுபத்து மூன்று பேருக்கு
அறுபத்து மூன்று கார்டு, தன் கையால்.
நசீருக்கு, சுவரில் தவளை நுழைந்த விரிசல்.
கோவில்பட்டி குருவம்மாளுக்கு,
வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறச் சொன்னார்.
துறையூரில் ஒரு கம்பவுண்டருக்கு
'உட்காருங்கள். விடியட்டும்.'
அவ்வளவுதான்.

ஏழாவது புத்தகம் அச்சேறவில்லை.
பாய் கல்யாணப் பத்திரிகைக்கு மாறினார்.
பொன்னுரங்கம் ஓய்வு பெற்று
ஓசூரில் மகள் வீட்டுக்குப் போனார்,
துண்டுக் காகிதங்களை அரிசிச் சாக்கில் கட்டிக்கொண்டு.

போன மாசி மாதம்
மூலக்கொத்தளத்துப் பழைய கடையில்
கோட்டை கிடைத்தது, பதினைந்து ரூபாய்க்கு.
ஓரத்தில் யாரோ பென்சிலில்
தன் உயிரை எழுதி எழுதி அழித்திருந்தான்:
பன்னிரண்டு, ஒன்பது, நான்கு.
நாலுக்குக் கீழே காகிதம் ஓட்டை.

முதல் முறையாக முதலிலிருந்து படித்தேன்.
கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் வண்டி நின்றுபோய்
நாற்பது நிமிடம்,
ஷேர் ஆட்டோவின் பின்சீட்டில்
88, 131, 88, 131.
பக்கத்தில் மீன்கூடைக்காரி
"இன்னாய்யா, அதே ரெண்டு பக்கத்த திருப்பிக்கினே கீற?" என்றாள்.

அன்றே கார்டு வாங்கினேன்.
'கிணற்றறையில் நிற்கிறேன்' என்று மட்டும் எழுதினேன்.
பெயர் போடவில்லை.

பதினோராம் நாள் பதில்.
கை நடுங்கிய எழுத்து:
'யோவ், எனக்கு எழுத்துத் தெரியாதா?
படத்தைப் பார்.
கதவு போட்டாய், கைப்பிடி போட்டாயா?
நானும் அச்சில்தான் பார்த்தேன்.
இழுக்க வழியில்லாத கதவுக்கு அப்பால்
என்ன எண் எழுதச் சொல்கிறாய்?'

எடுத்துப் பார்த்தேன்.
பலகை, ஆணி, கீல், துரு,
மரத்தின் கண்கூட இருக்கிறது.

அன்று சவேரியார் படகுக்கு
நீல எனாமல் கலக்கி வைத்திருந்தேன்.
மெல்லிய பிரஷ். ஒரு வளையம்.
காயும் வரை
புத்தகத்தை மூடவில்லை.