தொழிலுக்குப் போனவன் குரல்

வாக்குப்பதிவுக்கு மூன்று நாள் இருக்கையில்
ததேயுஸின் குரல் வள்ளவிளைக்கு வந்தது.
ஆள் வரவில்லை.
ஆள் தங்கலுக்குப் போய்ப் பதினொரு நாள்,
சிக்னல் எட்டாத ஆழத்தில்
தூண்டில் இறக்கிக் கிடக்கிறான்.

நாற்பத்திரண்டு நொடி.
“மக்களே, நம்ம பூத்தை மாத்தியாச்சு.
கரைக்காரங்க பேரெல்லாம் வெட்டியாச்சு.
கியூவில நின்னு அவமானப்பட வேண்டாம்.
மீன் பிடிக்க வந்த இடத்தில கேள்விப்பட்டு
மனசு கேக்காமச் சொல்றேன்.”

இந்தப் பாகத்தின் வாக்குச்சாவடி நிலை அலுவலர் நான்.
மற்ற நாளில் அங்கன்வாடியில் சத்துமாவு கிண்டுகிறவள்.
ஆயிரத்து முப்பத்தொன்பது பெயர்.
வாசல் வாசலாக நின்று கேட்டு எழுதியது.
இரண்டு இடத்தில் இருந்த சிலுவைப்பிச்சையை
ஒன்றாக்கியதற்கு வாங்கிய ஏச்சு
இன்னும் காதில் கிடக்கிறது.
செத்தவர்களைத் தவிர யாரையும் வெட்டவில்லை.
செத்தவர்களிலும்
உடல் கிடைக்காதவர்களை வெட்ட
எனக்கு எத்தனை வருஷம் ஆயிற்று என்று
கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சாயங்காலத்துக்குள் அந்தக் குரல்
ஏலக்கூடத்தில், ஷேர் ஆட்டோவில்,
கல்யாண மண்டபத்தில் கைகழுவும் இடத்தில்.
என்னைக் கண்டதும் போனை அணைத்தார்கள்.
முந்தின வாரம்வரை
டீச்சர், ஒரு சாயா குடியுங்க என்றவர்கள்.

பெல்சி வீட்டுக்குப் போனேன்.
ததேயுஸின் மனைவி
போனைக் காதோடு ஒட்டிக்கொண்டிருந்தாள்,
எத்தனையாவது தடவையோ.
“அவருதான்” என்றாள்.
“மூச்சு வாங்குறதுகூட அவருதான்.”
பதினொரு நாளாகக் கேட்காத குரல்.
அது பொய் என்று சொல்லத்தான் போயிருந்தேன்.
வாய் வரவில்லை.

அவளாகத்தான் நிறுத்தினாள்.
விரலால் பின்னுக்கு இழுத்தாள். மறுபடி இழுத்தாள்.
“மீன் பிடிக்கவா?”
என்னைப் பார்க்கவில்லை, போனைத்தான் கேட்டாள்.
“டீச்சர், மீன் பிடிக்கன்னு இங்க எவன் சொல்லுவான்?
தொழிலுக்கு வந்தோம்பாரு. தங்கலுக்கு வந்தோம்பாரு.
மீன் பிடிக்கிறது பாடப்புத்தகத்துல உள்ளவன்.”

அப்புறம் பன்னிரண்டு நொடி, அவள் குரலில்:
“நான் ததேயுஸ் பெண்டாட்டி. அது எம் மாப்பிள்ளை இல்ல.
காலையில ஏழு மணிக்குப் பள்ளிக்கூடத்துல நிப்பேன்.
பேரு இல்லாதவங்க எம் முன்னால வச்சு டீச்சரைக் கேளுங்க.”
நான் பட்டியலை நகலெடுத்து
வலைக்கூடச் சுவரில் பசைபோட்டு ஒட்டினேன்.
ராத்திரி டார்ச்சோடு வந்து
விரல் வைத்துத் தேடினார்கள்.

நாகர்கோவில் சைபர் போலீஸ் பெண் சொன்னாள்,
எண் இந்த நாட்டு எண் இல்லை,
இதே சங்கதி எல்லைக்கு அந்தப்பக்கம்
மலையாளத்தில், வேறொருவன் தொண்டையில்.
எங்களோடு அவர்களுக்கு என்ன பகை என்றேன்.
பகைன்னு இல்லக்கா, கூலியா இருக்கும் என்றாள்.
பகை என்றிருந்தால்
கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

ஏழு மணிக்கு பெல்சி முதல் ஆள்.
மாலையில் அறுபத்துமூன்று சதவீதம்.
வராதவர்களில்
தங்கலில் கிடப்பவர்கள் எத்தனை, வெயிலுக்குப் பயந்தவர்கள் எத்தனை,
அந்தக் குரலை நம்பியவர்கள் எத்தனை,
பிரித்தெழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.

அடுத்த வாரம் ததேயுஸ் கரையேறினான்.
கையில் ஐஸ் ஈரம் காயுமுன்
பெல்சி போட்டுக் காட்டினாள்.
ஊரே சிரிக்கக் காத்திருந்தது.
அவன் ஒருதரம் கேட்டான்.
மறுதரம் வேண்டாம் என்று கைகாட்டினான்.

“வார்த்தை எனக்குள்ளது இல்ல.
மூச்சு எனக்குள்ளதுதான்” என்றான்.
“புயல் வருஷம், டிவிக்காரன் மைக்கை நீட்டினான்.
சூசைநாயகத்தைத் தேடிக் கப்பல் விடுங்கன்னு
கத்தினேன்லா,
அங்க வாங்கின மூச்சு.”

யாரும் சிரிக்கவில்லை.
சூசைநாயகம், வரிசை எண் நானூற்றுப் பதினாறு.
போன வருஷம்தான்
வெட்டினேன்.